குடல் உள்ளே திரும்பும் நாட்கள்

எனக்குத் தொப்புள் கிடையாது. அது இருக்க வேண்டிய இடத்தில், வயிற்றின் நடுவே, மேலிருந்து கீழாக ஒரு தையல் தழும்பு மட்டும் இருக்கிறது. முதல் வரியிலேயே இதைப் போட்டு உடைப்பதற்குக் காரணம், அறுபது வயதுவரை இதைச் சொல்லாமல் வாழ்ந்து எனக்கு அலுத்துவிட்டதுதான்.

நான் பிறந்தபோது என் குடலில் ஒரு பகுதி வெளியே இருந்ததாம். தொப்புள்கொடியின் அடியில், மெல்லிய ஜவ்வுப் பைக்குள், எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருண்டு கிடந்ததாம். பிரசவம் பார்க்க வந்தவள் கொடியை எங்கே அறுப்பது என்று தெரியாமல் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள். அந்தப் பயத்தில்தான் நான் பிழைத்தேன். தள்ளி அறுத்து, ஈரத்துணியில் சுற்றி, ஒரு லாரியில் ஏற்றி என்னைத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு டாக்டர் எல்லாவற்றையும் உள்ளே தள்ளித் தைத்துவிட்டார். உயிரைக் காப்பாற்றுகிற அவசரத்தில், ஒரு தொப்புளும் வைத்துத் தைப்போம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் படித்துறைப் பயல்கள்மேல்தான்.

திருவையாற்றில் பிறந்தவன் ஆற்றில் குளிக்காமல் வளர முடியாது. நானும் சட்டையைக் கழற்றிப் படியில் போட்டுவிட்டு இறங்கினேன். என் வயிற்றைப் பார்த்த பயல்கள் எனக்குத் 'தையல்' என்று பெயர் வைத்தார்கள். தொட்டுப் பார்க்க வரிசை கட்டி நின்றார்கள். ஒருவன், இவன் மனுஷனுக்குப் பிறக்கவில்லை, முட்டையிலிருந்து வந்தவன் என்றான். அன்றைக்கு ஈர உடம்போடு சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடியவன் அதற்குப் பிறகு காவிரியில் இறங்கவே இல்லை. காவிரிக் கரையில் வீட்டை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க வாளித் தண்ணீரில் குளித்த ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிறகு விலங்கியல் படித்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. டாக்டருக்கு இடம் கிடைக்காதவர்கள் எல்லாம் அதைத்தான் படித்தார்கள். கல்லூரி நூலகத்தில் ஒரு நாள் மத்தியானம், கருவியல் பற்றிய தடிப் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது, அதில் என் வயிற்றைப் பார்த்தேன். தொப்புள்கொடிக்குள் குடல் சுருண்டிருக்கும் படம் அது. கீழே, இது எல்லாக் கருவுக்கும் உள்ளதுதான் என்று எழுதியிருந்தது. அந்த வரியை நம்பாமல் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கருவின் குடல் முதலில் நேரான ஒரு குழாய். ஆனால் அதற்கு அவசரம் அதிகம். வயிறு வளர்வதற்குள் அது மடங்கு மடங்காக நீண்டுவிடுகிறது. உள்ளே இடம் கிடையாது. கல்லீரல் வேறு, பஸ்ஸில் முன்னாலேயே ஏறி இரண்டு பேர் இடத்தில் உட்கார்ந்துகொண்ட ஆளைப்போல, வயிற்றை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே குடல் ஒரு வளையமாக மடிந்து கொடிக்குள் போய்விடுகிறது. சில வாரங்கள் அங்கேயே தங்கி நீள்கிறது, கால்வட்டம் திரும்பிக்கொள்கிறது. மூன்றாம் மாதம் முடிகிற சமயத்தில் வயிற்றில் இடம் உண்டானதும் உள்ளே திரும்புகிறது. சிறுகுடல் முதலில் போய் இடப்பக்கமாக அடங்கும். பெருங்குடலின் தொடக்கம் குடல்வாலையும் அழைத்துக்கொண்டு கடைசியில் போகும். போகிற போக்கில் இன்னும் அரைவட்டம் சுற்றி வலப்பக்கம் இறங்கும். அதற்குப் பிறகு வாசல் மூடிக்கொள்ளும். குடலை உள்ளே இழுப்பது எது என்று அந்தப் புத்தகம் உறுதியாகச் சொல்லவில்லை. பிற்பாடு நான் வாங்கிப் படித்தவையும் சொல்லவில்லை.

என்னைத் தையல் என்று கூப்பிட்ட அத்தனை பயல்களின் குடலும் ஒரு காலத்தில் வெளியேதான் கிடந்திருக்கிறது! உள்ளே போன பிறகு பிறந்தார்கள், அவ்வளவுதான். ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்ல ஆள் இல்லை. வாத்தியாரான பிறகு வருஷா வருஷம் கரும்பலகையில் உணவு மண்டலத்தை வண்ண வண்ணமாக வரைந்தேன். இந்த விஷயத்தை மட்டும் வகுப்பில் சொன்னதில்லை. சொன்னால் எவனாவது என் சட்டையின் நாலாவது பொத்தானைப் பார்ப்பான் என்று ஒரு பைத்தியக்காரப் பயம்.

படித்துறை நாட்களுக்குப் பிறகு என் வயிற்றைப் பார்க்கக் கொடுத்துவைத்தவள் என் மனைவி ஒருத்திதான். கல்யாணம் ஆன புதிதில், "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று பெரிய பீடிகை போட்டு, வியர்த்து விறுவிறுத்துக் காட்டினேன்.

"இவ்வளவுதானா? நீங்க மூஞ்சிய வச்சிருந்த தினுசப் பாத்து நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன்" என்றாள்.

பிறகு தழும்பின் நடுவில் ஒரு விரலை வைத்து, "இங்கதான் இருந்திருக்கும்" என்று இடத்தைக் குறித்துக் கொடுத்தாள்.

ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் அவள் ஆற்றில் முழுக்குப் போடுவாள். நான் சட்டை பனியன் சகிதம் காய்ந்த படியில் அவள் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தண்ணீரில் நின்றபடி கூப்பிடுவாள். "இன்னிக்காவது எறங்குங்களேன். உங்க வயித்த யாருங்க பாக்கப் போறா?" நான் துண்டை நீட்டுவேனே தவிர இறங்கியதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் போய்ச் சேர்ந்தாள். காரியம் நடந்த அன்று சட்டையில்லாமல் உட்கார வேண்டியிருந்தது. துண்டை இடுப்புக்கு மேலே இறுக்கிச் சுற்றிக்கொண்டேன். அதைச் சுற்றும்போதுதான், படித்துறைப் பயல்கள் எப்போதோ மறந்திருப்பார்கள், இனிமேல் என்னைப் பற்றி இது தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பது உறைத்தது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

என் மகளுக்கும் தெரியாது. ஒரே மகள். வீட்டில் பனியன் இல்லாமல் அப்பாவைப் பார்த்தறியாதவள். போன வருஷம் வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மன்னார்குடி, நிலபுலன் உள்ள குடும்பம், அவர் அங்கேயே பம்புசெட் கடை வைத்திருக்கிறார். ஆடி பிறப்பதற்கு முன் சீரோடு போய்ப் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தேன். ஆடியில் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு வீட்டில் இருக்கக் கூடாது. அப்போது கரு தரித்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், சித்திரைப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு கணக்கு. சம்பந்தியம்மா இந்தக் கணக்கில் மிகவும் கறார். வழியனுப்பும்போதே, "ஆவணி பொறந்ததும் நாங்களே வந்து கூட்டிக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்.

ஆடிப்பெருக்குக்கு மாப்பிள்ளையை விருந்துக்கு அழைப்பது மட்டும் வழக்கம். காலையில் வந்தார். இருவரும் கல்யாண மாலையை ஆற்றில் விட்டார்கள், மகள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டாள், சித்திரான்னம் சாப்பிட்டோம். நான் வழக்கம்போலப் படியில் துண்டோடு நின்றேன். மத்தியானம் என் வயலின் குத்தகைக்காரர் போன் செய்தார். மோட்டார் ஓடவில்லை, குறுவைப் பயிர் காய்கிறது, உடனே வந்தால் தேவலை என்றார். விருந்துக்கு வந்த மாப்பிள்ளையை மோட்டார் பார்க்கச் சொல்ல மனசில்லை. அவர் நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்புவதாக இருந்தது. போவதற்கு முன் குடிக்கட்டும் என்று டிகாக்ஷன் இறக்கிக் காப்பி போட்டு பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டு வயலுக்குப் போனேன். பொழுது சாய்ந்து திரும்பியபோது மாப்பிள்ளை போய்விட்டிருந்தார். பிளாஸ்கைத் திறந்தால் காப்பி அப்படியே இருக்கிறது. மாப்பிள்ளைக்கு என் காப்பி பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் மனத்தாங்கலாகக்கூட இருந்தது.

ஆவணியில் மகள் மன்னார்குடி போனாள். போன கொஞ்ச நாளிலேயே நல்ல செய்தி வந்தது. ஆனியிலேயே உண்டாகியிருக்கிறது, பங்குனியில் பிரசவம் என்று சம்பந்தியம்மா போனில் பூரித்துப்போனார். புரட்டாசியில் முதல் ஸ்கேன் எடுத்த அன்று நானும் பூவும் பழமுமாக மன்னார்குடி போயிருந்தேன்.

ஸ்கேன் முடிந்து எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. முகத்தில் சிரிப்பில்லை.

"நீங்க சொல்ற தேதிப்படி பதினாலு வாரம் ஆகுது. ஆனா குழந்தை பத்து வாரத்து அளவுதான் இருக்கு. கொடிக்குள்ள குடல் தெரியுது. பத்து வாரத்துல அது சகஜம். பதினாலுலேயும் வெளிய இருந்தா யோசிக்கணும். தேதி சரிதானாம்மா? நல்லா ஞாபகப்படுத்திப் பாத்துச் சொல்லுங்க."

மகள் வாய் திறப்பதற்குள் சம்பந்தியம்மா முந்திக்கொண்டார். "தேதியில சந்தேகமே இல்லைங்க டாக்டர். ஆனியில உண்டானதுதான். ஆடி பொறக்கிறதுக்கு முன்னாடியே புள்ளைய அவங்க அப்பா கூட்டிட்டுப் போயிட்டாரு."

மகள் தலையைக் குனிந்தபடி, "ஆமாம்" என்றாள். மாப்பிள்ளை சுவரில் இருந்த விளம்பரப் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா ரெண்டு வாரம் கழிச்சுத் தஞ்சாவூர்ல பெரிய மெஷின்ல பாத்துடலாம். ரெண்டு குடும்பத்துலயும் யாருக்காவது பொறக்கும்போதே ஏதாவது கோளாறு உண்டா?"

"எங்க பக்கம் யாருக்கும் இல்லைங்க" என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சட்டைக்குள்ளே தழும்பு சுடுவதுபோல இருந்தது. இது பரம்பரையாக வருவது அபூர்வம் என்று படித்திருந்தேன். படித்தது வேறு, பயம் வேறு. என் வயிறுதான் என் மகள் வயிற்றுக்குள்ளும் போய்விட்டது என்று நினைத்தேன். சம்பந்தியம்மா முன்னிலையில் அதைச் சொன்னால் பழி முழுக்க மகள்மேல் விழும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கொஞ்ச நாள் அப்பா வீட்டுல இருக்கட்டும், மனசுக்குத் தேவலையா இருக்கும்" என்று சம்பந்தியம்மா மகளை என்னோடு அனுப்பினார். அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் பழுதான சாமானை வாங்கின கடைக்கே திருப்பி அனுப்புவதுபோல எனக்குப் பட்டது. பஸ் பிடித்துத் திருவையாறு கிளம்பினோம். வழியெல்லாம் குறுவை அறுத்த வயலில் சம்பாவுக்குத் தண்ணீர் கட்டியிருந்தது. அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளை அடுக்களை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் காப்பிக்குப் பால் வைத்தேன். பால் பொங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று திடீரென்று ஒரு வேகம் வந்தது.

"இங்க பாரும்மா" என்று சட்டையையும் பனியனையும் சேர்த்து மேலே தூக்கினேன்.

அவள் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தாள். "என்னப்பா இது? எப்ப ஆபரேஷன் பண்ணுனாங்க?"

"பொறந்த அன்னிக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, ஜவ்வுப் பை, படித்துறைப் பயல்கள், எதையும் விடவில்லை. "உன் புள்ளைக்கு இருக்குறது என்கிட்டேருந்து வந்ததும்மா. உன் மாமியார் கேட்டா எங்க அப்பாவாலன்னு சொல்லிடு. வேணும்னா நானே நேர்ல வந்து சொல்றேன்."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதபடியே இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"இல்லப்பா. தேதி தப்புப்பா."

"எந்தத் தேதி?"

"ஆனி இல்லப்பா." அவள் என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னாள். "ஆடிப்பெருக்கு அன்னிக்கு நீங்க வயலுக்குப் போனீங்கள்ல..."

இனப்பெருக்கப் பாடத்தைக் காலமெல்லாம் கூச்சமில்லாமல் நடத்திய வாத்தியார், சொந்த மகளுக்கு முன்னால் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். எதிரே அலமாரியில் பிளாஸ்க் இருந்தது.

"அப்ப அந்தக் காப்பி?"

"மறந்துட்டோம்ப்பா."

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். சித்திரைப் பிள்ளை என்று தெரிந்தால் மாமியார் என்ன சொல்வாரோ என்ற பயத்தில், இருவருமாகச் சேர்ந்து ஒரு மாதத்தை விழுங்கிவிட்டிருக்கிறார்கள். டாக்டரம்மா தேதி கேட்டபோது மாமியார் பக்கத்திலேயே இருந்ததால் கக்க முடியவில்லை. பஸ்ஸில் என்னிடம் சொல்லிவிட நினைத்தாளாம்.

"அம்மா இருந்திருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். உங்ககிட்ட எப்படிப்பா இதச் சொல்றது?" என்றாள்.

இந்த வீட்டில் நானும் அவளும் ஆறு வருஷமாக எதையெதைச் சொல்லாமல் விட்டோமோ, எல்லாம் என் மனைவியிடம் சொல்ல வேண்டியவை. எனக்கு என் மனைவிமேல் கோபம்கூட வந்தது, எங்கள் இருவரையும் இப்படி விட்டுவிட்டுப் போனதற்கு.

மறுநாள் மகள் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து சரியான தேதியைச் சொன்னாள். பிறகு நான் போனை வாங்கி என் கதையைச் சொன்னேன். "நேத்தே ரெண்டு பேரும் சொல்லியிருக்கலாமே சார்" என்று எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு திட்டு கிடைத்தது. புதுக் கணக்குப்படி இப்போது பத்து வாரம்தான். குடல் வெளியே இருக்க வேண்டிய காலம். பதறாதீர்கள், ஆனால் உங்களுக்கு இருந்ததால் அடுத்த ஸ்கேனைத் தவறவிடாதீர்கள் என்றார்.

மாப்பிள்ளை வந்து மகளை அழைத்துக்கொண்டு போனார். என் முன்னால் உட்காராமல் நின்றபடியே பேசினார். காப்பி கொடுத்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

அப்புறம் நான் மட்டும்தான். எதிர்வீட்டுக்காரருக்கு நான் இருப்பதே பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வரும்போதுதான் தெரியும். ஒரு ஆளுக்குச் சாதம் வடித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்ப்பேன். இந்நேரம் உள்ளே இடம் உண்டாகியிருக்குமா, சிறுகுடல் கிளம்பியிருக்குமா என்று மனசு அதையே சுற்றும். கைவிரல் அளவுகூட இல்லாத ஒரு உடம்பு, அதற்குள் நூல் மாதிரி ஒரு குடல், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்லித் தராமல் இடம் வலம் பார்த்துப் போய்ச் சேர வேண்டும். என்னுடையது போகவில்லையே! கை தானாக வயிற்றுக்குப் போகும். வா, உள்ளே வா என்று சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். சமையல்காரி யாராவது இருந்திருந்தால் வேலையை விட்டு ஓடியிருப்பாள்.

தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்த அன்று நல்ல மழை. என்னையும் அறைக்குள் விட்டார்கள். டாக்டர் திரையில் விரலை வைத்துக் காட்டினார்.

"இதுதான் வயிறு. மூடிடுச்சு. கொடி சுத்தமா இருக்கு பாருங்க. எல்லாம் உள்ள போயிடுச்சு சார்."

மகள் படுத்தபடியே என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கே எனக்கு வேலையில்லை என்று வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியவளுக்குச் சொல்லப் பக்கத்தில் திரும்பினேன். யாரோ ஒருவர் எக்ஸ்ரே கவரால் விசிறிக்கொண்டிருந்தார். வாய் நிற்கவில்லை. "உள்ள போயிடுச்சுங்க" என்றேன்.

"அப்படிங்களா, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு அவர் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

சித்திரையில், அனல் பறக்கும் ஒரு மத்தியானத்தில், பேத்தி பிறந்தாள். சம்பந்தியம்மா என்ன சொல்வாரோ என்று மூவரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தோம். அவர் குழந்தையைக் கையில் வாங்கி, வந்தவர் போனவரிடமெல்லாம், "பங்குனியில பொறக்க வேண்டியது. தலைப்பிரசவம் இல்லையா, கொஞ்சம் தள்ளிப்போயிடுச்சு" என்று அழுத்தம் திருத்தமாகச் சொன்னார். ஒரு மாதம் தள்ளிப்போன பிரசவத்தை அவர் எங்கேயாவது கண்டிருப்பாரா? என்னைப் பார்த்தபோது மட்டும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை.

என் வீட்டில்தான் குழந்தை வளர்ந்தது. கொடி காய்ந்து விழுந்த அன்று, குளிப்பாட்ட வரும் அம்மாள் அதை ஒரு வெற்றிலையில் வைத்துக் கொடுத்தாள். மகள் குழந்தையை என் மடியில் போட்டுத் துணியை விலக்கினாள். சின்னதாக, சிவப்பாக, குழியாக ஒரு தொப்புள். வெக்கைக்கு நான் பனியன்கூட இல்லாமல் இருந்தேன். மகளுக்கு முன்னால் இப்போதெல்லாம் அப்படித்தான். "தாத்தா வயித்துக்குக் காட்டுடி" என்று அவள் குழந்தையிடம் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

ஆடி பிறப்பதற்கு முன்னால் தாயும் பிள்ளையும் மன்னார்குடி போனார்கள். போக வேண்டியதுதான். தொட்டில் கட்டிய கயிற்றை மட்டும் நான் இன்னும் அவிழ்க்கவில்லை.

ஆடிப்பெருக்கு வந்தது. படித்துறையில் தேர்க்கூட்டம். காய்ந்த படியில் துண்டோடு நின்றேன், பழக்க தோஷம். கொஞ்ச நேரம் கழித்துத்தான், யாருக்காக இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். சட்டையைக் கழற்றினேன். பனியனைக் கழற்றினேன். நடுப்படியில் நின்று நாலு பக்கமும் பார்த்தேன். புதுப்பெண்கள் மாலை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே என்னைக் கொஞ்சம் நகரச் சொன்னார், பின்னால் இருப்பது மறைக்கிறதாம். நகர்ந்தேன். என் வயிற்றை யாரும் பார்க்கவில்லை. ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அவள் சொன்னது சரிதான்.

மூழ்கி எழுந்தபோது தண்ணீர் சில்லென்று இருந்தது. கழுத்தளவில் நின்று கரையைப் பார்த்தேன். நான் நிற்கும் படி காலியாக இருந்தது. அங்கே போட்டுவிட்டு வந்த துண்டைக் கூட்டம் மிதித்துச் சேறாக்கியிருந்தது. கரையேறி அதையே அலசிப் பிழிந்து துடைத்துக்கொண்டு, சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.